அமெரிக்காவில் கோபா: ரசிகனே இல்லாத ஊரா?

கேள்வி, 20 ஜூன் 2024

கோபா அமெரிக்கா என்ற தென் அமெரிக்காவின் கால்பந்துக் கோப்பையை எதற்கு அமெரிக்காவில் நடத்துகிறார்கள்? அங்கே கால்பந்துக்கு ரசிகனே கிடையாது. மண்டபம் பெரிதாக இருக்கிறது என்று சொந்தபந்தம் இல்லாத ஊரில் கல்யாணம் வைத்தால் யார் வருவார்கள்? காலி நாற்காலிதான் மிஞ்சும். அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

21 ஜூன், காலை

நான் இருக்கிறேன். நியூ ஜெர்சியில், பன்னிரண்டு வருடமாக. நீங்கள் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு.

சரியான பாதி: இந்த முறை ஈக்வடார் நடத்த வேண்டியது. அவர்கள் முடியாது என்ற பிறகுதான் இங்கே வந்தது. தென் அமெரிக்காவின் பத்து அணிகளோடு வடக்கிலிருந்து ஆறு அணிகளைச் சேர்த்து 16 ஆக்கி, 14 அரங்கங்களில் பிரித்துப் போட்டார்கள். அரங்கமும் இங்கேதான், காசும் இங்கேதான்.

தப்பான பாதி: நேற்று இரவு அட்லாண்டாவில் அர்ஜென்டினா-கனடா ஆட்டத்துக்கு வந்தவர்கள் 70,564 பேர். மெஸ்ஸி கார்னர் எடுக்கப் போனபோதெல்லாம் அந்தப் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. சொந்தபந்தம் இல்லாத ஊர் இப்படி எழுந்து நிற்காது.

ஆனால் புல்தரை மோசம். அர்ஜென்டினா 2-0 என்று ஜெயித்த பிறகும் அதன் கோல்கீப்பர் டிபு மார்டினெஸ் தரையைத் திட்டித் தீர்த்தார். பயிற்சியாளர் ஸ்கலோனியும் விடவில்லை. அந்த அரங்கத்தில் இருப்பது செயற்கைப் புல். அதன்மேல் நிஜப் புல்லைப் பாய் மாதிரி கொண்டுவந்து விரித்து ஒட்டினார்கள், அதுவும் ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான்.

நான் வியாசர்பாடியில் கட்டாந்தரையில் ஆடி வளர்ந்தவன். மோசமான தரை எனக்குப் புதிதில்லை. ஒரே சீராக மோசமாக இருந்தால் கால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கணுக்காலை உடைப்பது ஒட்டுப்போட்ட தரைதான். ஒரு துண்டு இறுக்கம், அடுத்த துண்டு தொளதொள. டிபுவின் கோபம் எனக்குப் புரிகிறது.

21 ஜூன், இரவு

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். மைதானத்தின் அளவையும் குறைத்திருக்கிறார்கள். வழக்கமான அளவு 105-க்கு 68 மீட்டர். இங்கே 100-க்கு 64. இந்த அரங்கங்கள் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கட்டியவை, பக்கவாட்டில் இடம் கிடையாது. கணக்குப் போட்டால் 740 சதுர மீட்டர் போய்விட்டது, பத்தில் ஒரு பங்கு. ஓரக்கோட்டை ஒட்டி, விங்கில் ஓடுகிறவனுக்குத்தான் அந்த இழப்பு தெரியும்.

22 ஜூன்

இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அட்லாண்டா ஆட்டத்தில் மெஸ்ஸியைத் தடுத்து விழவைத்த கனடா டிஃபெண்டர் பொம்பிட்டோவுக்கு, ஆட்டம் முடிந்த கையோடு இணையத்தில் நிறவெறி வசை. கனடா கால்பந்துச் சங்கம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. அது சாதாரண ஒரு டேக்கிள். எந்த லீகிலும் வாரத்துக்கு நூறு பார்க்கலாம்.

ரசிகர்களைப் பற்றித்தான் கேட்டீர்கள். இவர்களும் ரசிகர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

24 ஜூன்

கேள்வி கேட்டவருக்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன். நேற்று டெக்சாஸில் அமெரிக்கா-பொலிவியா. போட்டியை நடத்தும் நாட்டின் முதல் ஆட்டம். சுமார் 80,000 பேர் உட்காரும் இடத்தில் 47,873 பேர். மேல் அடுக்கில் வரிசை வரிசையாகக் காலி.

காரணம் ஆர்வம் இல்லாதது அல்ல, விலை. ஐந்து பேர் உள்ள குடும்பம் இரண்டு மாத வாடகையைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டிய விலை. எங்கள் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டும் கொலம்பியக்காரர் ஒருவர், இருபது வருடமாக அணியின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர். அவர் இதுவரை ஒரு டிக்கெட்டும் வாங்கவில்லை. "போனில் பார்ப்பேன், போன் இலவசம்" என்றார். நான் ஒன்று வாங்கினேன். நாளை மெட்லைஃப் அரங்கம், அர்ஜென்டினா-சிலி. வீட்டில் கேட்டுவிட்டு, இந்த வருடம் ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்துத்தான் வாங்கினேன்.

வெயிலும் சேர்ந்துகொண்டது. மயாமியில் உருகுவே வீரர் அரௌஹோவுக்கு உடம்பில் நீர் வற்றித் தலைசுற்றல். பாதியில் வெளியே வந்துவிட்டார்.

26 ஜூன், விடியற்காலை

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செகாகஸ் ரயில் நிலையத்திலிருந்தே ஆரம்பம். பிளாட்பாரம் முழுக்க வெள்ளையும் நீலமும், நடுநடுவே சிலியின் சிவப்பு. ரயில் பெட்டிக்குள் ஒருவர் கூரையைத் தட்டித் தாளம் போட, பெட்டியே சேர்ந்து பாடியது. எனக்கு ஸ்பானிஷ் கிடங்கில் கற்றுக்கொண்ட அளவுதான். பாட்டு புரியவில்லை, தாளம் புரிந்தது.

உள்ளே 81,106 பேர். என் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிலி அப்பாவும் பத்து வயது மகளும். பின்னால் நரைத்த தாடி வைத்த ஒரு அர்ஜென்டினாக்காரர், ஆட்டம் தொடங்கியதிலிருந்து சிலியைச் சத்தமாகக் கிண்டல் செய்துகொண்டே இருந்தார். சிலிக்காரர்கள் விடுவார்களா? இதே அரங்கத்தில், 2016 ஜூன் 26 அன்று, கோபா இறுதியில் பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினாவை வீழ்த்தியவர்கள் அவர்கள். மெஸ்ஸி பந்தை கம்பத்துக்கு மேலே அடித்து, அன்றிரவே நாட்டுக்காக இனி ஆடமாட்டேன் என்று சொன்ன இடம் இது. அந்த அப்பா கையை உயர்த்தி, பந்து மேலே பறப்பதைச் செய்து காட்டினார். தாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

88-வது நிமிடம். அர்ஜென்டினாவின் லௌடாரோ மார்டினெஸ் உள்ளே அடித்தார். அப்புறம் வீடியோ சோதனை. அந்தக் காத்திருப்பை அரங்கத்துக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும், 80,000 பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு மனிதன் காதில் கை வைத்து நிற்பதைப் பார்க்கிறார்கள். கோல் என்று கையைக் காட்டியதும் கான்கிரீட் அதிர்ந்தது, உள்ளங்காலில் தெரிந்தது. பக்கத்தில் அந்தக் குழந்தை அழுதது.

கூட்டம் கலையும்போது தாடிக்காரர் குனிந்து அந்த அப்பாவிடம், "இன்றைக்கு எல்லாரையும்விட நன்றாக ஆடியது உங்கள் பிராவோ" என்றார். கிளாடியோ பிராவோ, 41 வயது, எட்டு வருடம் முன்பு இங்கே கோப்பையைத் தூக்கிய கேப்டன். இரவு முழுக்க பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தவர். அந்த அப்பா பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மகள் அழுகையை நிறுத்திவிட்டுத் தாடிக்காரரையே பார்த்தாள்.

காலி நாற்காலி கேட்டீர்களே. நேற்று என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

26 ஜூன், மதியம்

அதே மாலை கான்சாஸ் சிட்டியில் நடந்தது இப்போதுதான் தெரிந்தது. பெரு-கனடா ஆட்டத்தில், வெயிலில், குவாத்தமாலாவைச் சேர்ந்த லைன்ஸ்மேன் மயங்கி விழுந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கோடைச் சாயங்காலத்தில் அந்த ஊரில் ஆட்டம் வைத்தது டிவி நேரத்துக்காகவா, வேறு எதற்காகவா, யார் முடிவு செய்தாலும் அந்தக் கோட்டோரம் அவர்கள் ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்கட்டும்.

28 ஜூன்

பனாமா 2, அமெரிக்கா 1. 18-வது நிமிடத்தில் அமெரிக்க வீரர் திமோத்தி வியா எதிராளியின் தலையில் தட்டி சிவப்பு அட்டை வாங்கினார். தவறுதான், பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. அதற்கு வந்த எதிர்வினை? மறுபடி இணையம், மறுபடி நிறம். அமெரிக்க அணியின் கறுப்பின வீரர்கள் பலருக்கு வசை. ஒரே வாரத்தில் இரண்டாவது முறை.

1 ஜூலை

வெனிசுவேலாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

தென் அமெரிக்காவின் பத்து அணிகளில் உலகக் கோப்பைக்கு ஒருமுறைகூடப் போகாத ஒரே அணி இது. ஒயின் நிற ஜெர்சி. அங்கே நெடுங்காலம் பேஸ்பால்தான் எல்லாம். இந்த முறை குரூப்பில் மூன்றுக்கு மூன்று வெற்றி: ஈக்வடார் 2-1, மெக்சிகோ 1-0, நேற்று ஆஸ்டினில் ஜமைக்கா 3-0.

கிடங்கில் பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார், மரகைபோ ஊர். நாட்டை விட்டு வெளியேறிய வெனிசுவேலாக்காரர்கள் 77 லட்சத்துக்கும் மேல், அதில் அவரும் ஒருவர், அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில். இன்று காலை டேப் ஒட்டும் மேசையில் போனைச் சாய்த்து வைத்து மூன்று கோலையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "மானோ, தெங்கோ ஃபே" என்றார். தம்பி, எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் ஊர் ரசிகர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை. ஒரு பிள்ளை சிலியிலிருந்து, ஒன்று ஸ்பெயினிலிருந்து, ஒரே நேரத்தில் அதே வார்த்தையை அனுப்பியிருந்தார்கள். காட்டினார்.

இங்கே ரசிகன் இல்லை என்று நீங்கள் சொன்னபோது ஏன் கோபம் வந்தது என்று இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. ரசிகர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். டேப் ஒட்டுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், கூரை போடுகிறார்கள். பாதிப் பேருக்குக் காகிதம் சரியாக இல்லை, ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அவர்கள் ஊருக்குப் போக முடியாததால் ஊர் அவர்களைத் தேடி வந்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு.

1 ஜூலை, இரவு

சின்னத் திருத்தம். அரெப்பா என்ற சோள மாவு ரொட்டி வெனிசுவேலாவின் பண்டம் என்று சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போர்க்லிஃப்ட்காரர் காதில் விழுந்துவிட்டது. கொலம்பியாவுடையதாம். ஆம்பூர் பிரியாணியா திண்டுக்கல் பிரியாணியா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் ஒன்றுமே இல்லை. நாளை இருவரும் ஆளுக்கொரு டப்பா கொண்டுவருகிறார்கள்.

2 ஜூலை

அமெரிக்கா வெளியே. உருகுவே 1-0. சொந்த மண்ணில் குரூப்பைத் தாண்டவில்லை. பயிற்சியாளர் பெர்ஹால்டரை அனுப்பச் சொல்லி அரங்கத்திலேயே கோஷம். இதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை.

இரண்டு அரெப்பாவும் நன்றாக இருந்தது. கொலம்பியாவுடையது மெல்லியது, வெனிசுவேலாவுடையது தடிமன், நடுவில் கீறி உள்ளே வைத்துத் தருகிறார்கள். தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டேன்.

6 ஜூலை

வெனிசுவேலா போய்விட்டது. கனடாவிடம் 1-1, பெனால்டியில் 4-3. கோல்கீப்பர் முன்னே ஏறி நிற்பதைப் பார்த்து வெனிசுவேலாவின் ரொண்டோன் வெகு தூரத்திலிருந்து தூக்கிப் போட்ட அந்த கோலை எத்தனை வருடம் கழித்தும் பேசுவார்கள். அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலாக ஒயின் நிறத்தில் ஒரு இதயம், அவ்வளவுதான்.

7 ஜூலை

பிரேசிலும் போயிற்று. உருகுவேயிடம் 0-0, பெனால்டியில் 4-2. கடைசிக் கால் மணி நேரம் எதிரணி பத்துப் பேரோடு ஆடியும் ஒரு கோல் வரவில்லை. தடை பெற்ற பிரேசில் வீரர் வினிசியுஸ் வெளியே உட்கார்ந்து பார்த்தார்.

11 ஜூலை, காலை

சார்லட்டில் நடந்ததைப் பார்த்தேன், இரண்டாவது அரையிறுதி. கொலம்பியா 1, உருகுவே 0. ஹாமெஸ் ரோட்ரிகஸ் கார்னர், லெர்மா தலை. முனியோஸ் சிவப்பு அட்டை வாங்கி, கொலம்பியா இரண்டாவது பாதி முழுக்கப் பத்துப் பேரோடு தாங்கியது. அரங்கத்தில் 70,644 பேர், பெரும்பாலும் மஞ்சள்.

ஆட்டம் முடிந்ததும் டார்வின் நூனியெஸும் மற்ற சில உருகுவே வீரர்களும் படியேறி ரசிகர்கள் நடுவே போய்க் கைகலப்பு. உலகமே பார்க்கும் ஆட்டத்தில் வீரன் ரசிகனை அடிக்கப் போகலாமா? எத்தனை சூடு இருந்தாலும் கூடாது. நீண்ட தடை போட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

11 ஜூலை, இரவு

இருக்கிறது. காலையில் அவசரப்பட்டுவிட்டேன்.

உருகுவே வீரர்களின் குடும்பங்கள் அந்தப் படிகளில்தான், எதிரணிக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் உட்பட. வீரர்களுக்குக் கீழேயிருந்து தெரிந்தது அதுதான். உருகுவே வீரர் ஹிமெனெஸ் ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னே அதைத்தான் சொன்னார்: எங்கள் குடும்பம் ஆபத்தில் இருந்தது, காவலுக்கு ஆள் இல்லை. தகராறை யார் தொடங்கினார்கள் என்பதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லப்போவதில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நூனியெஸ் மைதானத்தில் நின்ற காட்சியைப் பார்த்த பிறகு, "கூடாது" என்று காலையில் போட்ட கோட்டை என்னால் அவ்வளவு நேராகப் போட முடியவில்லை.

போர்க்லிஃப்ட்காரரிடம் கேட்டேன். இறுதிக்குப் போன சந்தோஷத்தில் இருந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "எங்கள் ஆட்களில் சிலர் அசிங்கம் செய்தார்கள். என் மகன் அங்கே இருந்து அப்படிச் செய்திருந்தால் நானே அடித்திருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் குடும்பங்களை அங்கே உட்கார வைத்தவனை என்ன செய்வது?" என்றார்.

13 ஜூலை

பியெல்சாவின் பத்திரிகையாளர் சந்திப்பைப் பார்த்தீர்களா? உருகுவேயின் பயிற்சியாளர், பெரும்பாலும் தரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசும் மனிதர். நேற்று மேசையைத் தட்டாத குறை. அம்மாவையும் தங்கையையும் கைக்குழந்தையையும் காக்க ஓடாதவனை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். தண்டனையைப் பற்றிக் கேட்காதீர்கள், மன்னிப்பு எப்போது கேட்பார்கள் என்று கேளுங்கள் என்றார். பயிற்சி மைதானங்கள், புல்தரை, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். முதல் நாள் டிபு சொன்ன அதே புல். மூன்று வாரத்தில் அது பயிற்சியாளர் குரல் உயர்த்தும் இடத்துக்கு வந்துவிட்டது.

15 ஜூலை, அதிகாலை 3 மணி

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இறுதியைப் பார்க்க போர்க்லிஃப்ட்காரர் என்னை நியூயார்க்கின் குயின்ஸுக்குக் கூட்டிப்போனார். ஜாக்சன் ஹைட்ஸ், ரூஸ்வெல்ட் அவென்யூ. தலைக்கு மேலே 7-ஆம் எண் ரயில் ஓடும் தெரு. இரண்டு பக்கமும் கொலம்பியக் கடைகள், அடுப்பு, பேக்கரி, பணம் அனுப்பும் கடை, எல்லா வாசலிலும் மஞ்சள். அவருடைய தங்கை கணவர் வேலை செய்யும் உணவகத்தில் ஒரு மூலை மேசை. சுவரோரம் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து அவருடைய போன். போனுக்குள் அவருடைய அம்மா, கொலம்பியாவில் பாரன்கியா நகரை ஒட்டிய சோலெடாடில், தன் வீட்டு டிவி முன்னே. பதினொரு வருடமாக அவர் அம்மாவை இந்தத் திரையில்தான் பார்க்கிறார்.

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் தொடங்கவில்லை. திரையில் இறுதி நடக்கும் மயாமி அரங்கம். கதவுகளைத் தள்ளிக்கொண்டு கூட்டம், வேலி ஏறும் பையன்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் வியர்வையில் நனைந்து தண்ணீர் கேட்கும் பெண்கள், அப்பாவின் தோளில் அழும் குழந்தை. கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். உணவகத்தில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் திட்டினார்கள், அப்புறம் யாரும் பேசவில்லை. கூட்டத்தில் இருந்தது பெரும்பாலும் மஞ்சள் ஜெர்சி. உலகம் தங்களை எப்படிப் பார்க்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கள் மேசையில் ஒரு பெரியவர் "கடவுளே, இன்றைக்கு வேண்டாம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

80 நிமிடம் தாமதம். பிறகு ஆட்டம். இடைவேளையில் ஷகிரா, அவரும் பாரன்கியாக்காரர். அம்மா போனுக்குள் எழுந்து நின்று கை தட்டினார். இரண்டாவது பாதியில் மெஸ்ஸி கணுக்கால் வீங்கி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். எதிரணி ரசிகர்களின் தெரு இது. ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பக்கத்துக் கடையின் டிவி எங்களுடையதைவிடச் சில நொடி முந்தி ஓடியது. அவர்கள் "ஓ" என்று கத்தினால் எங்களுக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரியும். இரவு முழுக்க அதற்குப் பழகிவிட்டோம். கூடுதல் நேரம், 112-வது நிமிடம். பக்கத்துக் கடையில் சளசளவென்று இருந்த பேச்சு பட்டென்று நின்றது. எங்கள் திரையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. போர்க்லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அர்ஜென்டினாவின் பரெடெஸ் பந்தைப் பறித்ததையும், லோ செல்சோ அதைத் தள்ளிவிட்டதையும், லௌடாரோ அடித்ததையும் பார்த்தோம்.

1-0. அர்ஜென்டினாவுக்குப் பதினாறாவது கோபா. கொலம்பியா 28 ஆட்டமாகத் தோற்கவில்லை. அதற்கு முன்பு கடைசியாகத் தோற்றது 2022 பிப்ரவரியில், அர்ஜென்டினாவிடம், 1-0, அடித்தவர் லௌடாரோ. இதை மேசையில் சொல்ல நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் அர்ஜென்டினா ரசிகன். சின்ன வயதிலிருந்து. இன்றிரவு அந்த மேசையில் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அம்மாதான் போனுக்குள்ளிருந்து எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார்.

16 ஜூலை

எதிர்பார்த்தபடியே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "காட்டுமிராண்டிகள்", "இவர்களுக்கு எதற்கு நல்ல அரங்கம்". கேள்வி கேட்டவரும் "பார்த்தீர்களா" என்று எழுதியிருக்கிறார்.

நடந்தது இது: டிக்கெட் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தவறு, வேலி ஏறியவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. மயாமி-டேட் போலீஸ் 27 பேரைக் கைது செய்தது, 55 பேரை வெளியேற்றியது. கைதானவர்களில் கொலம்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரும் அவர் மகனும் அடக்கம், காவலர்களோடு தகராறு. ஆக, கோட்டு போட்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் டிக்கெட் வைத்திருந்தும் வெளியே நின்றவர்களை யாரும் பேசவில்லை. அவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் ஜூலை வெயிலில் பல மணி நேரம் நசுங்கினார்கள். நீங்கள் கல்யாணம் என்றீர்களே, அதே உதாரணத்தில் சொல்கிறேன்: அழைப்பிதழைக் கையில் வைத்திருந்த பெண் வீட்டார் வாசலில் மயங்கி விழுந்தார்கள். இதே அரங்கத்தில் இன்னும் இரண்டு வருடத்தில் உலகக் கோப்பை ஆட்டங்கள் வருகின்றன. வெளி வட்டத்திலேயே டிக்கெட்டைச் சோதித்து, கதவுக்கு வருவதற்கு முன்பே கூட்டத்தைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஐரோப்பாவின் பெரிய இறுதிகளில் செய்கிறார்கள்.

17 ஜூலை

என் அணியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. வென்ற இரவில் பஸ்ஸுக்குள் என்ஸோ ஃபெர்னாண்டஸ் நேரலை போட்டார். பிரெஞ்சு வீரர்களின் பூர்வீகத்தை இழிவாகப் பேசும் பாட்டு. மன்னிப்புக் கேட்டுவிட்டார். பாட்டு முதலில் ரசிகர்களிடமிருந்து வந்தது, வீரர்கள் கற்றுக்கொண்டார்கள். சிறு வயதிலிருந்து நான் போட்ட ஜெர்சியின் கூட்டம் அதைப் பாடுகிறது என்பது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கிட்டத்தட்ட நான்கு வாரத்தில் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். ரசிகர்களின் கோபம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள், நானும் சில இடத்தில் கட்டியிருக்கிறேன். வாசலில் நசுங்கியவனின் கோபம் உடம்பிலிருந்து வருகிறது. அதற்குத் தண்ணீரும் வழியும் கொடுத்தால் அடங்கும். பொம்பிட்டோவின் போனுக்கு வந்தது அந்த வகை இல்லை. அதை எழுதியவன் குளிர்ந்த அறையில் வசதியாக உட்கார்ந்து எழுதினான். மயாமிக் கூட்டத்துக்கு இந்த இரண்டாவதன் பெயரை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

29 ஆகஸ்ட்

சார்லட் கைகலப்புக்குத் தண்டனை அறிவித்தார்கள். நூனியெஸுக்கு ஐந்து ஆட்டத் தடை, பென்டன்கூருக்கு நான்கு, ஹிமெனெஸ், அரௌஹோ, ஒலிவேராவுக்கு மூன்று மூன்று. குடும்பங்களை அங்கே உட்காரவைத்தவர்களுக்கு எத்தனை ஆட்டம் என்று போர்க்லிஃப்ட்காரர் கேட்டார். ஜூலையில் கேட்ட அதே கேள்விதான்.

11 செப்டம்பர்

முடிந்த இழைதான், ஆனாலும் இதை எழுதாமல் விட மனமில்லை.

நேற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. கொலம்பியா-அர்ஜென்டினா, பாரன்கியாவில். மெஸ்ஸி காயத்தால் வரவில்லை. ஷிப்ட் முடிந்தும் நாங்கள் ஐந்தாறு பேர் சாப்பாட்டு அறையிலேயே இருந்தோம், மரகைபோ அம்மாவும். சுவரில் லேப்டாப் படம், மேசையில் போர்க்லிஃப்ட்காரருடைய போன், போனுக்குள் அவருடைய அம்மா. அம்மா வீட்டிலிருந்து மெட்ரோபொலிடானோ அரங்கம் நடக்கும் தூரம். டிவியைப் பார்க்காமல் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு மாமரமும் கொஞ்சம் வானமும் தெரிந்தது.

1-1. கொலம்பியாவுக்குப் பெனால்டி. பந்தைக் கையில் எடுத்தவர் ஹாமெஸ்.

போனிலிருந்து முதலில் வந்தது இரைச்சல். மழை கூரையில் விழுவது மாதிரி தொடங்கி, போன் ஸ்பீக்கர் தாங்காமல் கரகரத்தது. மாமரம் ஆடியது, அம்மாவின் கை நடுங்கியதால். சுவரில் ஹாமெஸ் இன்னும் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார்.

போர்க்லிஃப்ட்காரர் சுவரைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக் காதோடு சேர்த்துக்கொண்டார்.